குதிரை உதைத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு ப்ளஸ் டூ முடித்தேன். கணக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸும் உள்ள குரூப். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்திருக்கிறது. பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ்' இடம் தருகிறார்கள். ஃபீஸ் அதிகம். கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார் அப்பா. "புள்ளியியல் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்" என்கிறார் மாமா. என் பிரச்சினை வேறு. எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. தோழிகள் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

ர.

அன்புள்ள ர,

தோழிகளின் தெளிவை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதில் பாதி வீட்டில் பேசி முடித்ததாக இருக்கும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. பள்ளியில் புள்ளியியல், கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிற பாடம். டேட்டா சயன்ஸை விளம்பரத் தட்டியில்தான் பார்த்திருப்பீர்கள். இரண்டோடும் பழகாமல் எது பிடிக்கும் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தால் தலைவலிதான் மிச்சம். ஒரு நாள் சாயங்காலம் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை போர்ட்கிவிச் என்பவர் 1898இல் ஒரு நூலில் வெளியிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள், மொத்தம் 122 சாவுகள். சராசரி 0.61. இந்த 200இல் ஒரு சாவும் இல்லாதவை 109. ஒரு சாவு 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1.

இந்த எண்களை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சராசரியை மட்டும் கையில் எடுங்கள். e என்ற எண்ணுக்கு (ஏறத்தாழ 2.718) மேல் மைனஸ் 0.61 அடுக்குப் போட்டு 200ஆல் பெருக்கினால் 108.7 வரும். அதை 0.61ஆல் பெருக்கினால் 66.3. அதை மறுபடியும் 0.61ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 20.2. இன்னொரு தடவை பெருக்கி 3ஆல் வகுத்தால் 4.1. எழுதி வைத்ததற்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதிப் பாருங்கள். எந்தக் குதிரை எவனை எப்போது உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே ஒரு சராசரியை வைத்துக்கொண்டு 20 வருடக் கணக்கை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்துவிட முடிகிறது. பாய்சான் பரவல் என்பது இதுதான்.

இதைப் போட்டு முடித்ததும், 'இது எப்படி ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகாது?' என்று குடைச்சல் எடுத்தால் புள்ளியியல் உங்களுக்குச் சரிப்படும். 'சரி, அதுக்கென்ன இப்போ' என்று தோன்றினால் அதுவும் உருப்படியான பதில்தான். மூன்று வருடமும் இந்த மாதிரி அட்டவணைகளோடுதான் குடித்தனம். அப்புறம் இதே கணக்கைப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராமாக எழுதுங்கள். எர்ரர் வரும், கட்டாயம் வரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நேரம் போனதே தெரியவில்லையா, எரிச்சலாக வந்ததா என்று பாருங்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ், 1940இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலை முடித்தவர். ராணுவ நில அளவைப் பிரிவில் வேலை தேடிக் கல்கத்தா போனார். அது கிடைக்கவில்லை. போன இடத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு 1941இல் பயிற்சிக்குச் சேர்ந்தார். புள்ளியியல் படிக்கிற எவரும் 1945இல் அவர் எழுதிய கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. இதை மாமாவிடம் சொன்னால் அசர மாட்டார் என்று எனக்கும் தெரியும். அவரிடம் டேட்டா சயன்ஸ் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள். அதில் நிகழ்தகவும் ரிக்ரஷனும் இருக்கும். அவை புள்ளியியலின் வீட்டுச் சொத்து.

நான் சாய்வது எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். இளநிலையில் பழைய, மொட்டையான பெயருள்ள பாடமே நல்லது. புதுப்பெயர்ப் பட்டங்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசு வேலை அறிவிப்பில் ஒரு பாடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால், உங்கள் பட்டம் அதற்கு இணையானதா என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டிவரலாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் முதுநிலைப் பட்டம் வேண்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதுகிற ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்குத் தனித்தாளே இருக்கிறது. டேட்டா சயன்ஸை எம்.எஸ்சி.யில் எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பள்ளியில் கணக்கு டீச்சராகும் ஆசை ஒரு மூலையில் இருந்தாலும் நேரே கணிதத்தில் இடம் கேளுங்கள். முதுநிலை ஆசிரியர் பணிக்கு யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். 'கிராஸ் மேஜர்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இரண்டு கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு படிக்கிறவர்களைப் பிடித்துப் பேசுங்கள். அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது எதற்கும் உதவாது. ஐந்தாவது செமஸ்டரில் என்னென்ன தாள், பாடம் எடுக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, லேப் திறந்திருக்கிறதா, இதைக் கேட்டால் போதும். கல்லூரிகளின் முதல் வருடம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். தமிழ், ஆங்கிலம், அலைடு என்று ஓடிவிடும். அதை வைத்து எதையும் எடைபோட முடியாது.

பிடிக்காமல் போனால்? சேர்ந்த சில வாரங்களுக்குள் வேறு துறையில் இடம் காலியாக இருந்தால் மாற்றித் தருகிற கல்லூரிகள் உண்டு. துறைத் தலைவரிடம் கேளுங்கள். அது முடியாவிட்டால் டிகிரியை அரியர் இல்லாமல் முடித்துவிட்டு எம்.சி.ஏ. போகலாம். இப்போது அது இரண்டே வருடம், நீங்கள் கணக்குப் படித்தவர் என்பதால் தடை இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தாலே போதும். அப்பா வாங்குவதாகச் சொல்லும் கடனை மட்டும் பிடிக்கவில்லை என்று பாதியில் கைகழுவ முடியாது. அதனால் அரசுக் கல்லூரியில் சேர்வதற்கான கடைசித் தேதி என்ன என்று முதலில் பாருங்கள்.