உடுமலை – மூணாறு சாலையில் வரும் சின்னார் சரணாலயத்தில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது? காரில் இருந்தே யானை தெரியுமா? ட்ரெக்கிங் கட்டணம் கொடுப்பது வீணா?

காரில் இருந்தே யானை தெரியலாம். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிட்டால், ஆற்றுக்கு இறங்குகிற கூட்டம் சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதற்காகவே சின்னாருக்கு வராதீர்கள். யானை யானை என்று வருகிறவர்கள்தான் கடைசியில், "முள்ளும் கல்லும்தான் இருக்கு, இதுக்கு எதுக்குச் சரணாலயம்?" என்று திட்டிவிட்டு மூணாறுக்கு வண்டியை விடுகிறார்கள். நான் சின்னாருக்கும் மூணாறுக்கும் நடுவே இருக்கிற மறையூர்க்காரன். துணி எடுப்பது முதல் டாக்டரைப் பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் இந்தச் சாலையில்தான் உடுமலைக்குப் போய் வருகிறோம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முள்ளும் கல்லும் இருப்பது உண்மைதான். மூணாற்றில் ஆடி மாதம் கொட்டித் தீர்க்கிற மழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதில்லை. சின்னாரில் வருடத்துக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான் பெய்யும், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். கேரளம் என்றாலே பச்சை என்று நினைத்து வருகிறவர்களுக்கு வேல மரமும் கள்ளியும் ஏமாற்றமாகத் தெரியும். 1984ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு 90 சதுர கிலோமீட்டர் சொச்சம். தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒரு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் நம் ஆனைமலைப் புலிகள் காப்பகம் என்று ஒட்டிக்கொண்டு இருப்பதால் யானைக்கும் காட்டெருமைக்கும் இதெல்லாம் ஒரே காடு. மாநில எல்லை நமக்குத்தான்.

இந்த வறண்ட காட்டுக்கு நடுவே பாம்பாறு ஓடுகிறது. ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பிறந்து, மறையூரைத் தொட்டு, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குள் போகிற ஆறு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிற மூன்று ஆறுகளில் இது ஒன்று, மற்றவை கபினியும் பவானியும். பார்க்க வேண்டியது இந்த ஆற்றங்கரையைத்தான். சாலையில் இருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், முள்காடு முடிந்து நீர்மருதும் மாவும் நாவலும் புங்கமுமாக நிழல் கட்டிவிடும். கரையோரமாகப் போகிற ஒரு நாடா போன்ற காடு அது. பல இடங்களில் அகலம் ரொம்பக் குறைவு.

அந்த நாடாவில்தான் சாம்பல் நிற அணில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தின் பெயரிலேயே இருந்ததே, அதே அணில்தான். கேரளத்தில் இதைப் பார்க்க வேண்டுமானால் சின்னார்தான். வால் நீளத்தையும் சேர்த்தால் பூனையை விடப் பெரிதாகத் தெரியும். உடம்பில் நரை விழுந்த மாதிரி வெள்ளை தூவியிருக்கும். இது தரைக்கு இறங்குவதைக் கூடியவரை தவிர்க்கும். கிளைக்குக் கிளை தாவித்தான் சாப்பாடு, கூடு, துணை எல்லாம். உச்சிக் கிளைகளில் இலையும் குச்சியும் சேர்த்துப் பந்து மாதிரி கூடு கட்டும், அதுவும் ஒன்றோடு நிறுத்தாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: வெள்ளத்தில் நான்கு மரம் சாய்ந்தாலோ, தீயில் கருகினாலோ, அந்த நாடாவில் ஒரு வெட்டு விழுந்துவிடுகிறது. அதைக் கடக்க அணில் தரையில் ஓட வேண்டும். கழுகிடமிருந்து தப்பிக்கத் தெரிந்த பிராணிக்குத் தரையில் நாயிடமும் சிறுத்தையிடமும் சாமர்த்தியம் கிடையாது. யானைக்கு வேண்டிய பெரிய காடு சுற்றிலும் இருக்கிறது. இந்த அணிலுக்கு இந்த ஒற்றை மரவரிசையை விட்டால் வேறு இடம் இல்லை. சின்னாரை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் அந்த மரங்கள் நிற்கும். பாம்பாறு அமராவதி வழியாகக் காவிரியில்தான் சேர்கிறது. அதனால் 2007ல் காவிரித் தீர்ப்பாயம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் பகுதிக்கு 3 டி.எம்.சி. உண்டு. மேலே மறையூர், காந்தளூரில் கரும்பும் காய்கறியும் பூண்டும் விளைகிறது. கீழே அமராவதிப் பாசனத்தை நம்பித் திருப்பூர், கரூர் மாவட்ட விவசாயிகள். மேலே இருக்கிறவர்களின் நியாயமும் தெரியும், கீழே இருக்கிறவர்களின் நியாயமும் தெரியும், எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுவார்த்தையில் ஆற்றங்கரை மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, கட்டணத்துக்கு வருகிறேன். வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடக்க முடியாது. கூட வருகிறவர்கள் சரணாலயத்துக்குள்ளேயே இருக்கிற குடிகளை (பழங்குடி ஊர்களை இங்கே குடி என்போம்) சேர்ந்த முதுவர்கள், மலைப்புலையர்கள். உள்ளே 11 குடிகள் இருக்கின்றன. நம்மோடு தமிழிலேயே பேசுவார்கள், மொழிப் பிரச்சினை வராது. ட்ரெக்கிங்கை நடத்துவது வனத்துறையோடு சேர்ந்து அவர்களுடைய சூழல் மேம்பாட்டுக் குழு, ஊரில் இ.டி.சி. என்றால்தான் புரியும். நீங்கள் கொடுக்கிற பணத்தில் அந்த வீடுகளுக்குக் கூலி போகிறது. தீக்காலத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, இரவில் சந்தன மரத்துக்குக் காவல் நிற்பது, வெளியாள் நுழைந்தால் முதலில் கண்டுபிடிப்பது எல்லாம் இதே ஆட்கள்தான். காட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் காடு நின்றால் வருமானம் என்று ஆக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேக்கடியில் இதை நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே வயணம் என்கிற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து வழிகாட்டிகளாகவும் காவலாளிகளாகவும் மாறினார்கள். வழக்குப் போட்டு அடைத்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே பணம் வீணில்லை. காசு கொடுத்துவிட்டு அந்த ஆளை வழி காட்டுகிற கம்பமாக நடத்துவதுதான் வீண். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இப்போது அங்கே வாட்ச்சர். "யானையக் காட்டு, யானையக் காட்டுன்னா நான் என்ன சர்க்கஸாடா நடத்துறேன்? கீழ கெடக்கிற சாணியப் பாத்து எப்பப் போச்சுன்னு சொல்றேன், அதக் கேக்க ஆள் இல்ல" என்று புலம்புவான். அவனிடம் கேளுங்கள். எந்தக் காயை அணில் பாதி தின்று போட்டது, கூட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்தே சொல்வான். தாயண்ணன்குடியில் முதுவர்கள் கைவிட்டுப் போயிருந்த பழைய கேழ்வரகு ரகங்களைத் திரும்ப விதைத்து எடுத்திருக்கிறார்கள், வனத்துறையும் அதற்குக் கூட நின்றது. அதைப் பற்றிக் கேட்டால் இன்னும் நிறையப் பேசுவார்கள்.

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொல்லை முழுக்க அங்கேதான். தமிழகப் பக்கம் ஒன்பதாறு செக்போஸ்ட்டில் தொடங்கி மறையூர் வரை காடுதான். வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள். குரங்கு அதற்காக ரோட்டிலேயே உட்காரப் பழகி அடிபட்டுச் சாகிறது. யானை நின்றால் ஹாரன் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் இறங்கிப் போய் செல்ஃபி. மூணாற்றின் படையப்பா என்கிற கொம்பனை வண்டிகள் வழிமறித்துச் சீண்டிய வீடியோக்கள் எத்தனை வந்தன என்று உங்களுக்கே தெரியும். யானை நின்றால் தள்ளியே நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, சும்மா இருங்கள். அது போய்விடும். அவ்வளவுதான் இதில் வித்தை. அதோடு, மறையூரை நெருங்கும்போது கம்பிவேலி போட்ட காடு வரும், அது சந்தனக் காடு. பலர் அதைத்தான் சின்னார் என்று போட்டோ போடுகிறார்கள்.

தரையில் மஞ்சள் கோடு போட்ட நட்சத்திர ஆமையைப் பார்த்தால் தூக்காதீர்கள். குழந்தை ஆசைப்படுகிறது என்று பையில் போடுவது குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். வளர்ப்புக்கென்று இதைக் கடத்துகிற வியாபாரம் அவ்வளவு பெரிதாகிப்போய், 2019ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலேயே ஏற்றிவிட்டார்கள்.

எப்போது வருவது? மழை முடிந்த மார்கழி, தை நல்லது. ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் கொல்லாது. மாசிக்குப் பிறகு புல் காய்ந்துவிடும், தீ பயம் வந்தால் ட்ரெக்கிங்கை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றோர நடைக்குச் சின்னார் செக்போஸ்ட்டிலும், தூவானம் அருவிக்கு ஆலாம்பெட்டியிலும் இறங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், ஆற்றோரம் மட்டும் போதும். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் அணிலும் அசையாது, நீங்களும் அசைய மாட்டீர்கள். ஆற்றில் குளிக்க இறங்காதீர்கள். மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும், பாம்பாற்றில் முதலையும் உண்டு. ஆலாம்பெட்டியில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன, நாங்கள் முனியறை என்போம். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள். திரும்பும்போது மறையூர் வெல்லம் வாங்குவதாக இருந்தால் ரோட்டோரக் கடையில் வேண்டாம். உள்ளே கரும்பாலைக்கே போய்க் காய்ச்சும்போது வாங்குங்கள், புவிசார் குறியீடு வாங்கிய பிறகு அந்தப் பெயரில் எங்கெங்கோ செய்ததையெல்லாம் விற்கிறார்கள்.