கலகலப்பாகப் பேசாதவர் மேலாளராகலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

யாங்கூனில் பயறும் உளுந்தும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்து, இப்போது கொள்முதல் பிரிவில் மேலாளருக்கு அடுத்த நிலையில் இருக்கிறேன். எனக்கு வயது 41. எங்கள் மேலாளர் மழைக்காலம் முடிந்ததும் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தில் என்னை அமர்த்த விரும்பும் முதலாளி, யோசித்துப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெறப்போகிறவர் கலகலப்பான மனிதர். காலையில் வந்ததும் மூட்டை தூக்குகிறவர்கள் முதல் எழுத்தர்கள் வரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தமிழிலும் பர்மிய மொழியிலும் மாறி மாறிப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். எனக்கு அந்த இயல்பு இல்லை. நாள் முழுவதும் ஆட்களோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போனால், சிறிது நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். கூட்டத்தில் எழும் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு இரவுச் சாப்பாட்டின்போதுதான் தோன்றும். பேசுவதற்குப் பயம் என்று சொல்ல முடியாது. கோயில் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கச் சொன்னால் தடுமாறாமல் வாசித்துவிடுவேன். ஆனால் தவறு செய்த ஒருவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது மட்டும் என்னால் ஆவதில்லை. அவர் செய்ததை நானே திருத்தி வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

வேலை தெரியாதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். சென்ற அறுவடையின்போது, கிடங்கில் மாதிரி எடுக்கும் பர்மியப் பெண் ஒருத்தி, குத்தூசியில் வந்த உளுந்தில் ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அந்தச் சரக்கில் ஈரம் இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னாள். மேலாளரிடம் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, அவர் பேசிக்கொண்டே இருந்தார், குறுக்கிட மனம் வரவில்லை என்றாள். நான் போய்ச் சொல்லி அந்தச் சரக்கை நிறுத்தினேன்.

ஆனாலும், "முகம் கொடுத்துப் பேசாத ஆளுக்குக் கீழே யார் வேலை செய்வார்கள்?" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் என் காதுபடவே சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. என் மனைவி ஏற்றுக்கொள்ளத்தான் சொல்கிறாள். என்னைப் போன்றவர்கள் பொறுப்புக்கு வரலாமா? தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யாங்கூன் வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில், வேலை தெரியாதவன் அல்லன் என்று காட்டுவதற்காகப் போகிற போக்கில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. அந்தப் பெண் சரக்கில் ஈரம் இருப்பதைக் கண்டாள். ஆனால் எல்லோரையும் சிரிக்க வைக்கும் மேலாளரிடம் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, உங்களிடம் கிடைத்தது. உளுந்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து முழுச் சரக்கும் கெடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அந்தச் சரக்கைக் காப்பாற்றியது, ஒருவர் தயங்கிச் சொல்வதை அவசரப்படாமல் கேட்கும் உங்கள் இயல்பு.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பீட்சா நிறுவனத்தின் கிளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கிளைகளில், கலகலப்பான மேலாளரின் கீழ் இலாபம் கூடுதலாக இருந்தது. தாமாக முன்வந்து யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த கிளைகளிலோ, அத்தகைய மேலாளரின் கீழ் இலாபம் குறைந்து காணப்பட்டது. ஆகவே எந்த இயல்பு நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, உங்கள் கிடங்கில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்பதே பயன் தரும்.

உங்கள் சக ஊழியர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். திமோதி ஜட்ஜ் என்பவரும் அவருடைய குழுவினரும் பல பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை, கூடிப் பழகும் இயல்புக்கும் தலைமைக்கும் தொடர்பு உண்டு என்றே காட்டுகிறது. ஆனால் அந்தத் தொடர்பு, பொறுப்பேற்ற பிறகு ஒருவர் எவ்வளவு நன்றாக நடத்துகிறார் என்பதைக் காட்டிலும், மற்றவர்கள் கண்ணுக்கு அவர் தலைவராகத் தென்படுகிறாரா என்பதில்தான் வலுவாக இருக்கிறது. நீங்கள் தலைவராகத் தென்படவில்லை என்பதுதான் உங்கள் சக ஊழியர் கண்டது. உங்கள் முதலாளி அதையும் தாண்டிப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் வாழும் மண்ணிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். ஐராவதி டெல்டாவில் பந்தனாவ் என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஊ தாண்ட், ஆரவாரம் இல்லாதவர், தியானத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர்தான் 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்தார். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே போரின் விளிம்பில் நின்றபோது, யாரையும் குற்றஞ்சாட்டாமல், அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருசேவுக்கும் ஒரே சமயத்தில் வேண்டுகோள் அனுப்பி, இருவருக்கும் பேசுவதற்கு அவகாசம் தேடித் தந்தார். அத்தகைய நேரத்தில் பதற்றத்தைக் கூட்டாத ஒரு குரல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, உங்களுக்குக் கசப்பாக இருந்தாலும் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆட்களோடு இருந்துவிட்டு வந்தபின் தனிமை தேடுவதும், நிதானமாக யோசித்துப் பதில் சொல்வதும் உங்கள் இயல்பு. அவற்றை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. தவறு செய்தவரிடம் சொல்லாமல் நீங்களே திருத்திவிட்டுப் போவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மனத்தாங்கலுக்கு அஞ்சி ஒதுங்குவது. கலகலப்பாகப் பேசுகிறவர்களிடமும் அது உண்டு. இரண்டாம் நிலையில் இருக்கும்வரை அதன் சுமை உங்களோடு போயிற்று. மேலாளரானபின், தவறு செய்தவருக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காமல் போகும். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் மனம் கசந்துபோவார்கள். தவறை எடுத்துச் சொல்லக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. தனியே அழைத்து, நடந்தது இது, இதனால் விளைந்தது இது, அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள் என்று மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம். அவற்றை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வாசிப்பது உங்களுக்குக் கைவந்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூத்தவர் மனம் சங்கடப்படுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிடும் வழக்கம் பர்மியர்களிடையே ஆழமானது. நீங்களும் பேசாமல், அவர்களும் பேசாமல் இருந்தால் ஈர மூட்டைகள் கப்பலேறிவிடும். எனவே நீங்கள் கேட்கும் மனம் உள்ளவர் என்பது அவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். காலையில் கிடங்கைச் சுற்றி வரும்போது ஒவ்வொருவரிடமும், "இன்று வந்த சரக்கில் உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்று கேளுங்கள், அவர் சொன்னதன்மேல் என்ன செய்தீர்கள் என்பதை மறுநாள் அவரிடமே தெரிவியுங்கள். மதியம் தனியாக இருக்க விரும்பினால், அது கோபத்தால் அல்ல, உங்கள் வழக்கம் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மௌனத்துக்கு ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஏற்குமுன் முதலாளியிடம் இரண்டு ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறுங்கள்: கூட்டத்தில் பேசப்போகிறவை முதல் நாள் மாலையே உங்கள் கைக்கு வர வேண்டும், உடனே விடை சொல்ல முடியாத கேள்விகளுக்கு மறுநாள் காலைவரை அவகாசம் வேண்டும். சரக்கின் விலையைத் தொலைபேசியிலேயே முடிவு செய்ய வேண்டிய நேரங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கான வரம்பை அன்று காலையிலேயே முதலாளியோடு பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்கிடையே, இன்னும் மேலாளர் ஆகாத இந்த நாட்களிலேயே, நீங்கள் திருத்தி மறைத்த தவறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உரியவரிடம் சொல்லிப் பாருங்கள். அது எப்படி நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.