கேஷ் சிப் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேல எடுங்க

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பூர்வீக வீட்டுல ரெண்டாங்கட்டு ரூம சுத்தம் பண்ணப்போ அப்பச்சி கடைக்கணக்கு போட்ட 486 கம்ப்யூட்டர் கெடச்சுச்சு, ப்ராசஸர் டிஎக்ஸ்2 66. ஆன் ஆகுது, ஆனா டாஸ் வர்றப்போ ஹைமெம்ங்கிற மெமரி ப்ரோக்ராம் மெமரி சரியில்லன்னு எரர் காட்டுது. ரேம் மூணு செட் மாத்திட்டேன், அதே எரர்தான். பயாஸ் செட்டிங்ல எக்ஸ்டர்னல் கேஷ, அதான் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்குற வேகமான மெமரிய, டிஸேபிள் பண்ணா எரர் போயிடுது, ஆனா ரொம்ப ஸ்லோவாயிடுது. சாக்கெட்ல ஒம்பது கேஷ் சிப் இருக்கு. ஆன்லைன்ல 62256ன்னு பத்து சிப் கம்மி விலைக்கு இருக்கே, வாங்கிடவா? வேற எங்க கெடைக்கும்?
- வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, அந்த 62256 வேணாம். அதுவும் கேஷுக்கு போடுற எஸ்ரேம் வகை மெமரிதான், 32கே பை 8 அளவு, கால் வரிசையும் அதேதான், அதனாலதான் நெறைய பேரு வாங்கி ஏமாந்து போறாங்க. வேகத்துலதான் வித்தியாசம். அந்த பேர்ல வர்றது பெரும்பாலும் 55 இல்ல 70 நானோ செகண்ட். உங்க டிஎக்ஸ்2 66க்கு பஸ், அதான் ப்ராசஸர் மத்த சிப்போட பேசுற வழி, 33 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு கிளாக் 30 நானோ செகண்ட், அதுக்குள்ள பதில் சொல்லணும்னா சிப் 20ஆ இருக்கணும், 15னா இன்னும் நிம்மதி. சிப் மேல கடைசியா -15, -20ன்னு போட்டிருக்கும், -70ன்னா தொடவே தொடாதீங்க.

அடுத்தது அகலம். ஸ்கேல் வச்சு சாக்கெட்டோட ரெண்டு வரிசை ஓட்டைக்கும் நடுவுல அளந்து பாருங்க, 486 போர்டுல அனேகமா 7.6 மில்லிமீட்டர் இருக்கும், 300 மில்னு சொல்லுவாங்க, ஒரு மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. அகலமான சிப்புல அது 15 மில்லிமீட்டர், அதோட கால வளைச்சு உள்ள நுழைக்கலாம்னு நெனச்சீங்கன்னா சாக்கெட்டும் போயிடும். தேட வேண்டிய நம்பர் சொல்றேன்: யூஎம்61256, டபிள்யூ24257, ஐஎஸ்61சி256, சிஒய்7சி199, ஐடிடி71256எஸ்ஏ, ஏஎஸ்7சி256. இதுல எது கெடச்சாலும் 28 பின், 300 மில் டிப் (ரெண்டு பக்கமும் கால் வரிசை வச்சு சாக்கெட்ல நுழையுற வகை), 15 நானோ செகண்ட் இந்த மூணும் ஒத்து வருதான்னு பாத்துட்டு வாங்குங்க, ஏன்னா இதே நம்பர்லயே, சாக்கெட்ல நுழையாம போர்டு மேலயே சால்டர் பண்ற சர்ஃபேஸ் மவுன்ட் சிப்பும் வருது.

ஆனா காசு போடுறதுக்கு முன்னாடி எந்த சிப் கெட்டிருக்குன்னு கண்டுபிடிங்க தம்பி, ஒம்பதும் ஒண்ணா கெட்டுப்போக வாய்ப்பு ரொம்ப கம்மி. எட்டு சிப் டேட்டா, ஒம்பதாவது டேக், அதான் கேஷ்ல இருக்குற டேட்டா ரேம்ல எந்த இடத்தோடதுன்னு குறிச்சு வைக்கிற சிப். ஜம்பர (போர்டுல பின்னுங்கள இணைக்கிற சின்ன மூடி) 128 கேபிக்கு மாத்தி நாலு டேட்டா சிப், ஒரு டேக் மட்டும் போட்டு ஓட்டுங்க, எரர் வரலன்னா அந்த நாலும் நல்லது, அப்புறம் மிச்சம் நாலுல ஒண்ணொண்ணா மாத்தி போட்டா குத்தவாளி மாட்டிடுவான். ஜம்பர் படம் போர்டுல அச்சடிக்கலன்னா, பூட் ஆகுறப்போ ஸ்க்ரீனுக்கு கீழ வர்ற நீள பயாஸ் நம்பர ஃபோட்டோ எடுத்து வச்சு ரெட்ரோ வெப் சைட்ல தேடுங்க, அங்க பழைய போர்டு மேனுவல் ஏகப்பட்டது இருக்கு.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. கீபோர்டு கனெக்டர் பக்கத்துல நீல கலர் பேரல் பேட்டரி இருக்கான்னு பாருங்க. இருந்தா அது பெரும்பாலும் நிக்கல் காட்மியம், முப்பது வருஷத்துல அனேகமா ஒழுகியிருக்கும், பச்சையா பூத்து நிக்கும். மொதல்ல அத வெட்டி எடுங்க. அது காரம், அதனால வெள்ளை வினிகர் தொட்டு பழைய பிரஷ்ஷால தேய்ச்சு தண்ணில கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தொடச்சு, முத்தத்து வெயில்ல வைக்காம பட்டாலைல நெழல்ல ரெண்டு நாள் காய விடுங்க. சாக்கெட் காலு கறுத்துப் போயி கான்டாக்ட் இல்லாம கூட இந்த எரர் வரும். சிப்ப ஒவ்வொண்ணா கழட்டி கால தொடச்சு திரும்ப அழுத்திப் போட்டாலே பாதி போர்டு சரியாயிடுறத நான் பாத்திருக்கேன்.

எங்க கெடைக்கும்னு கேட்டீங்க. நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருல பழைய ரேடியோ, கடிகாரம் எல்லாம் வரும், கம்ப்யூட்டர் போர்ட அங்க எதிர்பாக்காதீங்க. பழைய இரும்புக் கடைக்கு போங்க. தங்கம் எடுக்குறவங்க ப்ராசஸரதான் மொதல்ல புடுங்குவாங்க, கேஷ் சிப்பு போர்டோட அப்படியே கெடக்கும், கிலோ கணக்குல கேட்டு வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம் போற ஆள் இருந்தா நம்பர எழுதிக் குடுத்து விடுங்க.

பழைய போர்டுல இருந்து சிப் எடுக்குறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 96ல காரைக்குடில நான் சர்வீஸ் பாத்துட்டு இருந்தப்போ ஒரு போர்டு வந்துச்சு, பில்லுல 256 கேபி கேஷ், பயாஸும் 256ன்னே காட்டுது, ஆனா கேஷ ஆன் பண்ணாலும் ஆஃப் பண்ணாலும் வேகத்துல ஒரு மாத்தமும் இல்ல. சிப் மேல கம்பெனி நம்பரே இல்ல, ரைட் பேக்னு, அதாவது கேஷ் வேலை செய்யுற ஒரு முறையோட பேரு மட்டும் அச்சு. லென்ஸ் வச்சு பாத்தா கால்ல இருந்து போற ட்ராக் பக்கத்து கால் வரைக்கும் போயி அப்படியே நின்னுடுது. ஒரு சிப்ப ப்ளையர் வச்சு உடச்சேன், உள்ள வெறும் பிளாஸ்டிக்கு, ஒரு துணுக்கு சிலிக்கான் கூட இல்ல. அந்த போர்ட வாங்கினவரு சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்கினவரு, இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு கோவம் வருது. உங்க போர்டுல கேஷ ஆஃப் பண்ணா வேகம் கொறையுதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதுவே உங்க சிப்பு நெசம்னு காட்டுது. வாங்கப்போற சிப்புல மேக்கர் நம்பரும் தேதி நம்பரும் இருக்கணும், 9432ன்னா 94ல 32வது வாரம் செஞ்சது. 15ன்னு புதுசா பெயின்ட் அடிச்சு விக்கிறதும் உண்டு, பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேய்ச்சா எழுத்து கரைஞ்சு வந்துச்சுன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

போடுறப்போ சிப்புல இருக்குற அரைவட்ட வெட்டும் சாக்கெட் வெட்டும் ஒரே பக்கம் இருக்கணும், திருப்பிப் போட்டா கரன்ட் தலைகீழா போயி சிப்பு சுடும், செத்துடும். சாக்கெட் 32 பின்னா இருந்தா வெட்டு இருக்குற பக்கம் ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு ஓட்டைய காலியா விட்டுட்டு 28 பின் சிப்ப வெட்டு இல்லாத எதிர்க் கடைசில ஒட்டி உக்கார வைக்கணும்.

கேள்வி: பென்டியம் போர்டுல ரேம் ஸ்லாட்டுக்கு பக்கத்துல தனியா ஒரு ஸ்லாட் காலியா இருக்கு, அதுவும் கேஷுக்கா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆமாம்மா, கோஸ்ட்னு சொல்லுவாங்க, கேஷ் ஆன் எ ஸ்டிக்ங்கிறதோட சுருக்கம், 160 கான்டாக்ட். பைப்லைன் பர்ஸ்ட், அசின்க்ரனஸ்னு ரெண்டு வகை கார்டும் அதே ஸ்லாட்டுல நுழையும், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. போர்டு மேனுவல்ல எத சொல்லியிருக்கோ அத மட்டும் வாங்குங்க. போர்டுலயே 256 கேபி சால்டர் பண்ணியிருந்தா, அந்த ஸ்லாட்ட நிரப்புறதுக்கு முன்னாடி ஜம்பர் எத மாத்தணும்னும் அதே மேனுவல்ல பாத்துக்கங்க.