"டவுட் இருக்கா?" என்று கேட்டால் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 7 மாதங்களாக டீம் லீடாக இருக்கிறேன். என்னையும் சேர்த்து 10 பேர். மீட்டிங்கில் "யாருக்காவது டவுட் இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் ரிலீஸுக்கு முந்தைய நாள் ஒரு பிரச்சினை வெடிக்கும். விசாரித்தால் இரண்டு மூன்று பேருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஓசூரிலிருந்து நாங்கள் நான்கு தமிழர்கள் ஒரே காரில் வருகிறோம். அவர்கள் என்னிடம் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். மற்ற ஆறு பேரை எப்படிப் பேச வைப்பது?

பதில்: விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அது அந்தக் கார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மௌனம் ஏன் என்று பார்ப்போம்.

பேசாதவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் அக்கறை கிடையாது என்று மேலாளர்கள் முடிவு கட்டிவிடுவது வழக்கம். உங்கள் குழுவில் இரண்டு மூன்று பேருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் குறை அறிவில் இல்லை. மீட்டிங்கில் வாய் திறக்கும் முன் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். பேசினால் வரும் நஷ்டம் இப்போதே வரும், தனக்கு மட்டும் வரும்: "இதுகூடத் தெரியாதா" என்ற பார்வை, "அப்போ நீயே பார்த்துடு" என்று வேலை தலையில் விழுவது. பேசாமல் இருந்தால் வரும் நஷ்டமோ பிறகு வரும், பத்துப் பேருக்கும் பங்காகும். இந்தக் கணக்கில் மௌனம்தான் மலிவு. நீங்கள் கோபப்படாதவர் என்பதால் மட்டும் கணக்கு மாறாது. கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன். 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆய்வு செய்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் சொன்னதுதான் காரணம் என்பது பிறகு புரிந்தது. பேசினால் தண்டனையோ அவமானமோ வராது என்று ஒரு குழுவே நம்பும் நிலைக்கு அவர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்படுத்திய பெயர் 'உளவியல் பாதுகாப்பு'. உங்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை: கீழே சொல்வது வேலை செய்தால் முதல் ஒரு மாதம் உங்கள் பிரச்சினைப் பட்டியல் நீளும். உங்கள் மேலாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால், எண்ணிக்கையைப் பார்த்து அவர் பதறி, அந்தப் பதற்றம் உங்கள் வழியாகக் குழுவுக்கு இறங்கும்.

அடுத்து, கேள்வி கேட்கும் முறை. "டவுட் இருக்கா?" என்பதற்கு மிக எளிய பதில் மௌனம். அதோடு முதலில் ஒருவர் "ஓகே" என்றதும் மற்றவர்களும் தலையாட்டிவிடுவார்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகூடத் தவறாது. அறையிலிருந்த மற்றவர்கள் பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாயின. நமக்கு உதவுவது அதன் மறுபக்கம்தான்: கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்தத் தவறு கால்வாசியாகக் குறைந்தது. சத்தமாகச் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது.

எனவே எழுதச் சொல்லுங்கள். ரிலீஸுக்கு 8 அல்லது 10 நாள் முன்பு 30 நிமிட மீட்டிங் ஒன்று வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இது: "ரிலீஸ் முடிஞ்சு போச்சு, மோசமா சொதப்பிடுச்சுன்னு வெச்சுக்குங்க. எதனால சொதப்பியிருக்கும்? ஆளுக்கு ரெண்டு காரணம் எழுதுங்க." மூன்று, நான்கு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு ஒவ்வொருவரும் ஒரு காரணத்தை வாசிக்கட்டும்; குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில், நீங்கள் கடைசியில். வாசிக்கும்போது யாரும் மறுப்புச் சொல்லக்கூடாது, நீங்களும்தான். எல்லாம் பலகையில் ஏறியபின் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆளும் தேதியும் குறியுங்கள். முடிவெடுக்கும் உளவியலை ஆய்வு செய்யும் கேரி க்ளைன் பிரபலப்படுத்திய முறை இது. 'தோற்றுவிட்டது' என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுவதால், குறை சொல்பவர் துரோகியாகத் தெரிவதில்லை. பெங்களூருவில் இன்னொரு பலனும் உண்டு. மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும்போது சரளமாகப் பேச வராதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எழுதுவது அவர்களுக்கு நேரம் தருகிறது.

முறை எதுவானாலும், முதல் கெட்ட செய்தி வந்த பிறகு வரும் அரை நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒன்பது பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இதை ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்டுவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குக் கதவு சாத்தியாயிற்று. உங்களுக்கு நியாயமாகப்படும் கேள்வி, செய்தி சொன்னவருக்குக் குற்றச்சாட்டு. "நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க" என்று ஆரம்பித்து மூன்றை மட்டும் கேளுங்கள்: எதைப் பாதிக்கும், எவ்வளவு நேரம் இருக்கிறது, யார் உதவி வேண்டும். யார் செய்தது என்பது அங்கே வேண்டாம். சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டவும் வேண்டாம். இரண்டு நாளுக்குள் அந்த விஷயம் என்னவாயிற்று என்று அதே குழுவில் சொல்லிவிடுங்கள்; 'செய்யப் போவதில்லை, காரணம் இது' என்பதாக இருந்தாலும் சரி. சொன்னது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் இரண்டாம் முறை யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது கார். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சந்தாப்புரா நெரிசலில் ஊர்ந்து வருகிறீர்கள். அங்கே வேலைப் பேச்சு வராமல் இருக்காது. யார் எதைச் செய்வது, எந்தத் தேதி சாத்தியம் என்பது அலுவலக வாசலுக்கு வரும்போதே பாதி முடிவாகியிருக்கும். பத்தரை மணி மீட்டிங்கில் நால்வர் தெளிவோடு உட்கார்ந்திருக்க, ஆறு பேருக்கு விஷயமே புதிது. கெட்டது செய்யும் எண்ணம் உங்களுக்கு இல்லை. ஆனால் மற்றவர்கள் பார்வையில் முடிவு தமிழில் எடுக்கப்பட்டுவிட்டது, மீட்டிங் வெறும் அறிவிப்பு. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், எதற்கும் உதவாத சின்னக் காரணத்தால் இரண்டு அணியாகப் பிரிக்கப்பட்ட பள்ளி மாணவர்கள், முகம் தெரியாத தம் அணிக்காரனுக்கே காசைக் கூடுதலாகப் பங்கிட்டார்கள். அப்படியிருக்க மொழி, ஊர், தினமும் ஒரே வண்டி என்பதெல்லாம் எவ்வளவு பலமான கயிறு என்று யோசியுங்கள்.

தமிழில் பேசுவதை விட வேண்டாம், காரையும் மாற்ற வேண்டாம். காரில் பேசிய வேலை விஷயத்தை மட்டும் குழுவின் சாட்டில் எல்லோருக்கும் புரியும் மொழியில், மீட்டிங்குக்கு முன்பே போட்டுவிடுங்கள். முடிவாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள்: "வரும்போது இப்படித் தோணுச்சு, இன்னும் முடிவு பண்ணலை, மதியம் 3 மணிக்குள்ள உங்க கருத்து வேணும்." அலுவலகத்துக்குள் ஆறு பேரில் ஒருவர் அருகில் இருந்தால், வேலைப் பேச்சைப் பொது மொழிக்கு மாற்றிவிடுங்கள். கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. தப்பும் தவறுமாகப் பேசினாலும் மதிப்பார்கள்.

இன்னொன்றைத் தனியாக உட்கார்ந்து செய்யுங்கள். நீங்கள் லீடாக இருக்கும் இந்த 7 மாதத்துக்கு ஒரு அட்டவணை போட்டு, கிளையன்ட் முன் டெமோ யாருக்குப் போனது, இரவு சப்போர்ட் யாருக்கு விழுந்தது, பொங்கலுக்குக் கேட்ட விடுப்பு கிடைத்ததுபோல் யுகாதிக்கும் துர்கா பூஜைக்கும் கிடைத்ததா என்று நிரப்புங்கள். பட்டியல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அது சாய்ந்திருக்கும்வரை மீட்டிங்கில் என்ன உத்தி செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறு பேருடனும் தனித்தனியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 நிமிடம் பேசுங்கள். மற்ற மூவருக்கும் அதே அளவு. முதல் 10 நிமிடம் அவர்களுடையது. கேன்சல் செய்யாதீர்கள், தள்ளிவைத்தால் அதே வாரத்துக்குள் வையுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. அமைதியானவரைத் திடீரென்று பெயர் சொல்லி அழைத்து "நீங்க சொல்லுங்க" என்பது அவரை மேலும் ஒடுக்கும். கேட்கப்போவதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பெயரில்லாத படிவம் வைத்துவிட்டு, இதை யார் எழுதியிருப்பார்கள் என்று காரில் பேசினால் அதோடு முடிந்தது. ஒருவரை எதிர்ப்பாளராக நியமித்து வாதாடச் சொல்வது பார்க்க நன்றாக இருக்கும். உண்மையாகவே மாறுபடுபவரின் பேச்சு தரும் பலன் அதில் கிடைப்பதில்லை என்று உளவியலாளர் ஷார்லன் நெமத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாவற்றையும்விட மோசமானது, மீட்டிங்கில் மனம் திறந்து சொன்ன தவறு அப்ரைசலில் குறையாக எழுதப்படுவது. ஒருமுறை நடந்தாலும் செய்தி அலுவலகம் முழுக்கப் பரவும். இந்த ஊரில் வேறு வேலை தேடுவது பலருக்குச் சண்டை போடுவதைவிட எளிது. சொல்லாமலே நோட்டீஸ் கொடுத்துவிடுவார்கள்.

பலனை அளக்க ஒரு எண் போதும். ஒவ்வொரு பிரச்சினையும் ரிலீஸுக்கு எத்தனை நாள் முன்பு உங்கள் காதுக்கு வந்தது என்று குறித்து வாருங்கள். இப்போது அது 1. மூன்று ரிலீஸ் கழிந்து 4 அல்லது 5 ஆகியிருந்தால், அதே வழியில் தொடருங்கள். நகரவே இல்லையென்றால் கடைசியாகப் பேசியவர் யார், அதற்குப் பிறகு அவருக்கு என்ன வேலை வந்து விழுந்தது என்று பாருங்கள்.