அப்பப்பாவின் பட்டாளச் சேவை: முதலில் எந்தப் படை என்று பாருங்கள்

கேள்வி: என் அப்பப்பா 1915இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பட்டாளத்தில் சேர்ந்து, போர் முடியும்வரை இருந்தாராம். 2009 இடப்பெயர்வில் கடதாசி எல்லாம் போய்விட்டது. ஒரு படமும் ஒரு பதக்கமும்தான் மிச்சம். 75,000 ரூபா தந்தால் லண்டனில் சேவைச் சான்றிதழ் எடுத்து, பென்சனுக்கும் விசாவுக்கும் வழி செய்வதாக வவுனியாவில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்தானியப் படைப் பென்சன் கிடையாது. பூர்வீக வழி விசா, பாட்டனோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால் கிடைப்பது. அந்த நாட்டுக்காகத் துவக்குத் தூக்கியதற்குக் கிடைப்பதல்ல. எல்லாவற்றையும் இழந்த சனம் என்று தெரிந்துதான் இந்தத் தரகர்கள் வன்னிக்குள் வருகிறார்கள். சரிபார்க்கவென்று கேட்டாலும் பதக்கத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். பெயர் பொறித்துத் தருவதாகவும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா தன் படையினருக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்கள் பெயரில்லாமலே வந்தவை. இன்று பொறித்தால் உண்மையான பதக்கத்திலும் சந்தேகம் விழும்.

அந்தக் காலத்தில் இலங்கையில் படைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இலங்கையின் உள்ளூர்ப் படையான சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸில் இருந்தவர்கள். 1939 வரை அது பெரும்பாலும் தொண்டர் படை: பகலில் கந்தோர் வேலை, ஓய்வில் பயிற்சி, இடையிடையே தியத்தலாவை முகாம். போர் வந்த பிறகுதான் முழுநேரச் சேவை. ஆகவே 1930களின் கலியாணப் பதிவில் ‘இலிகிதர்’ என்று இருந்தால், படையில் இருக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மறுபக்கம், போர்க்கால வவுனியா விமானத்தளத்தில் கூலிக்கு நின்றவரையும் ஊரில் பட்டாளத்துக்காரர் என்பார்கள். அவருக்குப் படை இலக்கம் இல்லை. எந்தப் படைப் பட்டியலிலும் பெயர் வராது.

படத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் இருக்கலாம்: சி.எல்.ஐ. என்றால் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி, சி.ஜி.ஏ. என்றால் பீரங்கிப் படையான சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி. பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை உண்டா என்றும் பாருங்கள். கெய்ரோ என்றிருந்தால் தேடல் வேறு திசைக்குப் போகும். பதக்கம் ஆறு முனை வெண்கல நட்சத்திரமாக இருந்தால் நடுவில் அதன் பெயர் இருக்கும். ‘ஆபிரிக்கா ஸ்டார்’ என்றால் 1943 மே மாதத்துக்கு முன் வட ஆபிரிக்கப் பக்கம் போனவர்.

சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் என்றால் தேட வேண்டிய இடம் கொழும்பு, லண்டன் அல்ல. பிலிப் குணவர்தன மாவத்தையில் (பழைய றீட் அவென்யூ) உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரச வர்த்தமானிகள் இருக்கின்றன; அவற்றில் வருவது பெரும்பாலும் அதிகாரிகளின் நியமனங்கள். சாதாரணச் சிப்பாய் என்றால் இராணுவத் தலைமையகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆமிக்கு விலாசம் எழுதிக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் சுவடிகள் திணைக்களத்தில் தொடங்குங்கள். பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். தமிழ் அரச கரும மொழியாகி இத்தனை வருடமாகியும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இனி விதிவிலக்கு, ஆறுதலாக வாசியுங்கள். போர்க்காலத்தில் இலங்கையர் சிலர் பிரித்தானிய இராணுவத்தின் வேலைப் படையான பயனியர் கோர் போன்ற பிரிவுகளில் நேரடியாகச் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். அவர்களுடைய சேவைக் கோவைதான் பிரித்தானியாவில் இருக்கும். கடல் கடந்து போனாரா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுக்குப் போன பீரங்கிப் படையினரும் கடல் கடந்தவர்களே, ஆனால் அவர்கள் சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்காரர். யாருடைய பட்டியலில் பெயர் இருந்தது என்பதுதான் கணக்கு. போருக்கு முன் கொழும்பில் சேர்ந்து, பிறகு பயனியர் கோருக்கு மாறியவருக்கு இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் கோவைகள் 2022 முதல் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பிறந்து 115 வருடம் கடந்தவரின் கோவைதான் எல்லோருக்கும் திறந்தது. உங்கள் அப்பப்பாவுக்கு அது 2030. அதுவரை இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே நிரப்பலாம். கட்டணத்தை அங்கேயே நேரே கட்டுங்கள்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு விட்டுவிடாதீர்கள். கந்தையாவைக் ‘கே’யிலும் ‘சி’யிலும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் இறப்புச் சான்றிதழ். நீங்கள் தொலைத்தது பிரதியைத்தான். பதிவு நடந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். புத்தகம் இல்லை என்றால் எழும்பி வந்துவிட வேண்டாம். பதிவுகள் இரட்டைப் பிரதியாக எழுதப்படுபவை, மற்றதைத் தேடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். எங்கும் அனுப்புவது நிழற்பிரதி மட்டும், பதிவுத் தபாலில், பற்றுச்சீட்டு உங்கள் கையில்.