“வண்டி வேற, ஓட்டுறவன் வேற” என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. ஐ.சி.யூ.வில் இதயம் நின்றுபோய், நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து மீட்டார்கள். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேலே மிதந்தபடி தன் உடம்பையே பார்த்தாராம். செத்துப்போன பாட்டி வந்து, ‘போடா, இன்னும் நேரம் இருக்கு’ என்று திருப்பி அனுப்பினாராம். இப்போது, ‘வண்டி வேற, ஓட்டுறவன் வேற, வண்டிக்கு எதுக்கு இத்தனை மாத்திரை?’ என்று பாதி மாத்திரையைத் தொடுவதில்லை. இது மூளைக் கோளாறா? மனிதன் ஆத்மாவா, வெறும் உடம்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆத்மா கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் மாத்திரை. அவர் விட்டுவைத்த பாதியில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குளோபிடோக்ரெல் இல்லாவிட்டால் அந்த வகையில் வேறு ஏதாவது எழுதியிருப்பார்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோகச் சல்லடை. அதன்மேல் ரத்தம் உறையாமல் காப்பவை இந்த இரண்டும்தான். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். நான்காவது மாதத்தில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபடலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய அடைப்பு. விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் 108.

சரி, பாட்டிக்கு வருவோம். அப்பா கதை கட்டவில்லை. நெதர்லாந்தில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரை விசாரித்து 2001-இல் வெளியான ஆய்வில், 62 பேர் இதுபோன்ற அனுபவத்தைச் சொன்னார்கள். நூற்றுக்குப் பதினெட்டு பேர். வருடங்கள் கழித்தும் அது அவர்களுக்குத் தெளிவாக நினைவிருந்தது. சாவு பயமும் குறைந்திருந்தது. ஐ.சி.யூ.வில் வரும் குழப்பம் வேறு மாதிரி. ட்யூபைப் பிடுங்குவார்கள், மகனை வார்டு பாய் என்பார்கள், மறுவாரம் எதுவும் கோவையாக நினைவிருக்காது. அப்பா சொல்வதில் முன்னும் பின்னும் இருக்கிறது, பாட்டி பேசிய வார்த்தைகூட இருக்கிறது. அதனால் இதைக் கோளாறு என்று சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் ஆத்மா வெளியே போனது உண்மையா? 2002-இல் ஜெனீவாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணின் மூளையைப் பரிசோதித்தபோது, வலப்பக்கம் காதுக்குச் சற்று மேலே பின்புறமாக இருக்கும் ஒரு பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். ‘மேலேயிருந்து நான் படுத்திருப்பதைப் பார்க்கிறேன்’ என்றார். ஆனால் அவருக்குத் தெரிந்தது காலும் இடுப்பும் மட்டும்தான். மறுபடி செலுத்தினால் மறுபடி மிதந்தார். ‘நான் இந்த உடம்புக்குள் இருக்கிறேன்’ என்ற உணர்வையே மூளை நொடிக்கு நொடி கட்டிக்கொண்டிருக்கிறது; அந்தக் கட்டு அவிழ்ந்தால் இப்படி ஆகும்.

எதிர்த்தரப்பையும் சோதித்துப் பார்த்தார்கள். மேலே மிதப்பவர் கண்ணுக்கு மட்டும் படும்படி ஆஸ்பத்திரிகளில் உயரத்தில் பலகை அடித்து, அதன்மேல் படங்களை வைத்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. பார்த்ததாகவும் கேட்டதாகவும் விவரமாகச் சொன்ன இரண்டு பேருக்குமே பலகை இல்லாத இடத்தில் இதயம் நின்றிருந்தது! இதற்கும் முன்னால், 1907-இல் ஓர் அமெரிக்க டாக்டர் சாகிற நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் நிறுத்தி ஆத்மாவை எடை போட்டார். 21 கிராம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது அந்த ஆறு பேரில் ஒரே ஒருவரிடம் கிடைத்த கணக்கு. அதை விட்டுவிடுங்கள்.

நான் உடம்புக் கட்சி. பக்கவாதம் வந்து, குணமே தலைகீழாக மாறிப்போனவர்களை இத்தனை வருடம் பார்த்த பிறகு, மனசு மூளையை விட்டுத் தனியாக நிற்கும் என்று நம்ப எனக்கு வரவில்லை. என் மனைவி எதிர்க்கட்சி. மூளை இல்லாமல் அனுபவம் இல்லை என்று காட்டினால் அனுபவமே மூளைதான் என்று ஆகிவிடுமா, ரேடியோ உடைந்தால் பாட்டு நிற்கிறது, பாட்டு ரேடியோவுக்குள்ளா பிறந்தது என்பார். அந்த ரேடியோ உவமை எனக்குப் பிடிக்காது. நிலையத்தை யாரும் இன்னும் காட்டவில்லையே! ஆனாலும் வாயடைக்கும் பதில் என்னிடம் இல்லை, மருத்துவத்திடமும் இல்லை.

அதனால் அப்பாவிடம் ஆத்மா இல்லை என்று வாதாடாதீர்கள். தோற்பீர்கள், மாத்திரையும் போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாவு பயம் போனது என்று நிம்மதியாகச் சொல்கிறாரா, அல்லது ‘அங்கேயே போயிருக்கலாம்’ என்கிறாரா? இரண்டாவது என்றால், அதோடு தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால், மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். அவசரத்துக்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகிறது என்றால், அது தத்துவம் அல்ல, ஞாபகக் குறைவு. இதயம் நின்று மீண்டவர்களுக்கு அதுவும் வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், நாளை காலையில் அவரிடம் ஒன்று கேளுங்கள். டிப்போவில் வண்டியை எடுக்கும் முன்னால் முதலில் எதை எதைப் பார்ப்பீர்கள் அப்பா? பிரேக், டயர், ஆயில், தண்ணீர் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கையில் மாத்திரையையும் தம்ளரையும் கொடுத்துவிடுங்கள்.