அடர் பிளாஸ்மாவின் சூட்டை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

கே: எக்ஸ்-ரே லேசர் சூடாக்கிய பிளாஸ்மாவில் தெர்மாமீட்டரா வைக்க முடியும்? எப்படி அளக்கிறார்கள் சார்?

ப: வைத்தால் தெர்மாமீட்டரும் பிளாஸ்மாவாகிவிடும், அதாவது அதன் அணுக்களிலிருந்தும் எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும்! வெளியே வரும் கதிரை வைத்துக் கணக்குப் போடுவதுதான் வழி. அதிலும் சிக்கல் உண்டு. திட அலுமினியத்தில் கன சென்டிமீட்டருக்கு 10²³-க்கும் மேல் கட்டற்ற எலக்ட்ரான்கள். அந்த நெரிசலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி மேற்பரப்பைத் தாண்டாது. உள்ளே நடப்பதைச் சொல்ல எக்ஸ்-ரேயால்தான் முடியும்.

கே: செய்து பார்த்த ஒரு சோதனையைச் சொல்லுங்களேன்.

ப: அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்-ரே லேசரில் நடந்தது, 2012-ல் வெளியானது. 1 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகட்டின் மேல் 80 ஃபெம்டோ விநாடிக்கும் குறைந்த துடிப்பு (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). தகடு விரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எக்ஸ்-ரே, அணுக்கருவுக்கு மிக அருகிலுள்ள அடுக்கான கே கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அதற்கு அடுத்த அடுக்கான எல் கூட்டின் எலக்ட்ரான் ஒன்று அங்கே விழும்போது சுமார் 1,487 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் சிறிய அலகு) ஆற்றலுள்ள ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வருகிறது. சூட்டில் எல் கூடும் காலியாகத் தொடங்கினால், போகும் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் இந்த ஆற்றல் கொஞ்சம் ஏறும். நிறமாலையில் வரிசையாக முகடுகள் தெரியும். எந்த முகடு எவ்வளவு உயரம் என்பதைக் கணினிக் கணக்கோடு பொருத்தினால் வெப்பநிலை கிடைக்கும். அதிகபட்சம் 180 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 20 லட்சம் கெல்வின்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்: கே எலக்ட்ரானைப் பிடுங்க 1,560 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பிளாஸ்மாவின் சூட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே லேசர் அடிக்கும்போது மட்டுமே இந்தக் கதிர் வரும். அந்தக் கணத்தை மட்டும் பிடிக்கத் தனியாக ஷட்டர் எதற்கு?

கே: கணக்கே தப்பாக இருந்தால்?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அடர்த்தியில் அயனியாக்க ஆற்றல் (எலக்ட்ரானை அணுவிலிருந்து பிடுங்கத் தேவையான ஆற்றல்) எவ்வளவு குறையும் என்பதில், பரவலாகப் புழங்கிய ஸ்டூவர்ட்-பையட் என்ற கணக்கு மாதிரி அதே அலுமினியச் சோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. அதனால் நான் சிதறலின் பக்கம்: பிளாஸ்மாவில் எக்ஸ்-ரேயைப் பாய்ச்சி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கும் முறை. சிதறும் எக்ஸ்-ரேயில் ஒரு பகுதி பிளாஸ்மாவுக்கு ஆற்றலைக் கொடுக்கும், இன்னொரு பகுதி வாங்கும். இவற்றின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லிவிடும், கணக்கு மாதிரி எதுவும் வேண்டாம். ஆனால் சூடு குறைவென்றால் வாங்கும் பக்கம் மிக மங்கல். எலக்ட்ரான்கள் சமநிலைக்கு வராவிட்டால் இந்த முறையும் செல்லாது.

கே: இது எலக்ட்ரான் வெப்பநிலையா, அயனி வெப்பநிலையா?

ப: மேலே சொன்னதெல்லாம் எலக்ட்ரானுடையது. அயனிகள், அதாவது எலக்ட்ரான் இழந்த அணுக்கள், சூடேறப் பிகோ விநாடிகள் (ஒன்று 1,000 ஃபெம்டோ விநாடி) ஆகும். அவற்றை நேரடியாக அளந்த தங்கச் சோதனை 2025-ல் வந்தது. அதில் சூடாக்கியது வேறொரு லேசர், எக்ஸ்-ரே லேசர் அளக்க மட்டும். அணுக்கள் அசையும் வேகத்தால் சிதறிய கதிரின் ஆற்றல் எவ்வளவு அகன்றது என்று பார்த்தார்கள். 19,000 கெல்வின்! தங்கம் உருகுவது 1,337-ல்; ஆனாலும் அந்தக் கணத்தில் படிக அமைப்பு குலையவில்லை.

கே: தகடு முழுக்க ஒரே வெப்பநிலையா?

ப: இல்லை. கற்றையின் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. கருவிக்கு வருவது இரண்டும் கலந்த கதிர்.